சாப்பாட்டில் நொட்டை சொல்பவர்கள் துபாய்க்கு வந்தால்

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விசா, சம்பளம், ரூம் வாடகை எல்லாம் விசாரிப்பார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விடிகாலையில் கரைக்கு வந்த மீன் மதியம் குழம்பாகிற வீட்டில் வளர்ந்து, அதிலும் இது வேண்டாம் அது வேண்டாம் என்று தட்டைத் தள்ளிப் பழகியவர்தான் இங்கே முதல் மாதமே வாடிப்போகிறார்.

பெட்டி கட்டும்போதே கவனம் வேண்டும். உம்மாவோ அம்மாவோ ஆசையாக அரைத்துத் தரும் கறி மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நமக்கு அது குருமாவில் போடும் சாமான். அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடித்தால் பெரிய வம்பு. மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு போட்டு அரைத்தாலே போதும். வெற்றிலையும் வேண்டாம். குண்டு மிளகாய் மட்டும் தாராளமாக எடுத்து வாருங்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துச் சரக்கை இங்கே கடை கடையாகத் தேட வேண்டியிருக்கும். புளி, நல்லெண்ணெய், இடியப்ப மாவெல்லாம் மலையாளிகளின் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அதற்காக லக்கேஜ் எடையை வீணாக்காதீர்கள்.

அப்புறம் மீன். துபாயின் தேரா பகுதியில் இருக்கும் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டுக்கு ஒருமுறை போய் வந்தால் பாதி ஏக்கம் தீரும். ஹமூர் என்று விற்பது நம் களவா, கன்ஆத் என்பது சீலா (வஞ்சிரம்), ஷேரி விளமீன், ஸாஃபி ஓரா. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். அதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழுவி வெட்டித் தர அங்கேயே ஆள் உண்டு, கூலி தனி. வாரத்தில் ஒருநாள் புளி கரைத்து நீங்களே குழம்பு வையுங்கள். அந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் மற்ற நாட்களில் எது கிடைத்தாலும் இறங்கும் என்பது என் கணக்கு.

மந்தி என்கிற அரபுக் கறிச்சோற்றைப் பிரியாணி என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மசாலா கம்மி, கறியின் சாறுதான் சோற்றுக்கு ருசி. கூடவே தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்த சஹாவிக் வரும். அதைப் பிசைந்தால் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். லபன் நம் மோர் மாதிரிதான், யோசிக்காமல் குடிக்கலாம். குப்ஸ் என்கிற அரபு ரொட்டியைச் சூடாகத் தின்னுங்கள், ஆறினால் செருப்புத் தோல். நோன்பு மாதத்தில் கோதுமையும் கறியும் குழைய வேகவைத்த ஹரீஸ் வைப்பார்கள். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவருக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

மெஸ்ஸுக்கு மாதப் பணம் கட்டுமுன் இரண்டு மூன்று நாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். சேர்ந்த பிறகு சமையல்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கருவாடு வறுக்கும் ஆசை வந்தால் ரூமில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜன்னல் இல்லாத ரூம் என்றால் அந்த ஆசையே வேண்டாம்.