கெமர் ஆய்வுக்காகச் சியெம் ரீப் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெமர் என்பது கம்போடியாவின் பெரும்பான்மை இனத்துக்கும் அதன் மொழிக்கும் பெயர். அந்நாட்டின் சியெம் ரீப் நகரில், வாட் டம்னாக் என்னும் பௌத்த மடாலய வளாகத்துக்குள், 1999-இல் தொடங்கப்பட்ட கெமர் ஆய்வு மையம் இயங்கி வருகிறது. பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் நூலகம், ஆய்வு நல்கைகள், கருத்தரங்குகள், மொழி வகுப்புகள், சிக்சாசக்ர என்னும் ஆய்விதழ் ஆகியவற்றின் வழியே, போரிலும் 1975 முதல் 1979 வரை நீடித்த, போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் ஆட்சியிலும் சிதைந்துபோன ஓர் அறிவுலகத்தை வெளிநாட்டு அறிஞர்களோடு மீண்டும் இணைப்பதே அதன் பணி. தமிழ்நாட்டிலிருந்து கம்போடிய வரலாற்றின் பக்கம் திரும்புவோர் பெருகிவரும் இக்காலத்தில், இத்தகைய மையங்களை அணுகும்போது நேரும் பிழைகளைப் பேசுவது பயனுடையது. அவற்றில் பெரும்பாலானவை, முடிவை ஊரிலேயே எழுதி வைத்துக்கொண்டு சான்று தேடிப் புறப்படுவதிலிருந்து பிறப்பவை.

முதல் குழப்பம் நிறுவனங்களைப் பற்றியது. ஆய்வு மையம் என்றதும், பழைய கெமர் தலைநகரான ஆங்கோரின் கோயில்களுக்கு அதுவே பொறுப்பு என்று எண்ணிக் களப்பணிக்கு அனுமதி கேட்டு எழுதுவோர் உண்டு. ஆங்கோர் தொல்லியல் பகுதியை நிர்வகிப்பது 1995-இல் அமைக்கப்பட்ட அப்சரா ஆணையம். அங்கே அளவெடுக்கவோ அகழவோ அந்த ஆணையத்தின் இசைவு வேண்டும். கல்வெட்டுகளிலும் சிற்பங்களிலும் முக்கியமானவை பல தலைநகர் நொம் பென்னிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. பிரெஞ்சுக் காலனிய நிர்வாகக் கோப்புகளுக்கு அதே நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு 2006-இல் திறக்கப்பட்ட போபனா மையத்துக்கும் செல்ல வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று பாராமல் சியெம் ரீப்பிலேயே ஒரு மாதத்துக்கு விடுதி எடுத்துவிட்டவர், பாதி நாளைப் பேருந்தில் கழிக்க நேரும்.

நல்கை விதிகளைப் படிக்காமல் விண்ணப்பிப்பதும் இதே வகைப் பிழைதான். இந்த மையம் அமெரிக்க வெளிநாட்டு ஆய்வு மையங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அதன் நல்கைகள் பல, நிதி வழங்குவோரின் நிபந்தனைப்படி, அமெரிக்கா, பிரான்ஸ், கம்போடியா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கே உரியவையாக இருந்து வந்துள்ளன. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் அந்தப் பத்தியைத் தாண்டி ஆய்வுத் திட்டத்தை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. நூலகத்தைப் பயன்படுத்தவோ கருத்தரங்குகளில் கலந்துகொள்ளவோ அந்தத் தடை இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, ஆய்வின் உள்ளே நேரும் தவறுகளுக்கு வருவோம். இவற்றுள் மிகப் பெரியது கல்வெட்டுகளைப் பாதி மட்டும் படிப்பது. பழைய கம்போடியக் கல்வெட்டுகள் பலவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு: கடவுளையும் அரசனையும் புகழும் சமஸ்கிருதச் செய்யுள் ஒன்று, கொடையின் விவரத்தைக் கூறும் பழங்கெமர் உரைநடை மற்றொன்று. நிலத்தின் எல்லை, நெல்லின் அளவு, மாடுகளின் எண்ணிக்கை, கோயிலுக்கு விடப்பட்ட ஆட்களின் பெயர் என எல்லாம் இரண்டாம் பகுதியில்தான் இருக்கும். ஆங்கோர் தலைநகராவதற்கு முற்பட்ட கல்வெட்டுகளில் ஆண் பணியாளர் பெயருக்கு முன் ‘வா’ என்றும் பெண் பணியாளர் பெயருக்கு முன் ‘கு’ என்றும் அடைமொழி இட்டு வரிவரியாகப் பட்டியல் நீளும். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை தூய கெமர்ப் பெயர்கள். செய்யுளை மட்டும் படிப்பவருக்குச் சிவனும் விஷ்ணுவும் வேதியரும் நிறைந்த அரசவை தெரியும். உரைநடையையும் படிப்பவருக்கு வயலும் அதில் உழைத்த மக்களும் தெரிவார்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியை மட்டும் படித்துவிட்டுச் சோழர் ஆட்சியை விளங்கிக்கொண்டதாக ஒருவர் சொன்னால் நாம் ஏற்கமாட்டோம். அதே அளவுகோலை மேகாங் கரையில் கைவிட்டுவிடுகிறோம்.

சமஸ்கிருதமும் தமிழும் தெரிந்தால் போதும் என்னும் நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தே வருகிறது. கெமர் ஆஸ்ட்ரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழோடு அதற்கு இன உறவு கிடையாது. அதன் எழுத்து தென்னிந்திய பிராமி வழி வந்தது என்பதால் நமக்கு அறிமுகமானதுபோலத் தோன்றும். ஆனால் சொற்களுக்கிடையே இடம் விடாத எழுத்துமுறையும், இரு தொகுதிகளாகப் பிரியும் மெய்யெழுத்துகளில் எது முன்னே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரே உயிர்க்குறி இருவேறு ஒலி பெறுவதும் சில வாரங்களில் கைவராது. பயணத்துக்கு முன்பே அடிப்படை எழுத்துகளைக் கற்றுக்கொண்டு செல்பவருக்கு, நூலகத்தின் கெமர் நூல்களிருக்கும் அலமாரி வெறும் காட்சிப்பொருளாக இருக்காது.

அடுத்தது, சான்றைச் சரியாகச் சுட்டாமை. கம்போடியக் கல்வெட்டுகளுக்கு, ஜார்ஜ் செதே முதலிய அறிஞர்கள் வகுத்த வரிசைப்படி, கே என்னும் எழுத்தோடு ஓர் எண் உண்டு. இன்று அந்த வரிசை ஆயிரத்தைக் கடந்து நீள்கிறது. ‘கம்போடியாவில் கிடைத்த ஒரு கல்வெட்டு’ என்று மட்டும் எழுதினால் எவராலும் அதைச் சரிபார்க்க முடியாது. காலக்கணிப்பில் சக ஆண்டோடு 78-ஐக் கூட்டவேண்டும் என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். கே 127 என்னும் கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பது, நடுவிலுள்ள சுழியம் ஒரு புள்ளியாகப் பொறிக்கப்பட்டு, எண்களில் எழுதப்பட்டுள்ளது, அது கி.பி. 683. சுழியம் எண்ணாகவே எழுதப்பட்ட மிகப் பழைய சான்றுகளில் ஒன்றான இந்தக் கல், உள்நாட்டுக் கொந்தளிப்பில் தொலைந்ததாகக் கருதப்பட்டு, 2013-இல் சியெம் ரீப்பிலுள்ள தொல்பொருள் கிடங்கொன்றில் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. எண்ணைக் கொண்டு தேடியதால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

தமிழ்த் தொடர்பு பற்றிய எழுத்துகளில் தாவல்கள் மிகுதி. உண்மையான தொடர்புகள் இருக்கவே செய்கின்றன. காம்போஜ (கம்போடிய) மன்னன் முதலாம் இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. காம்போஜ அரசன் காட்சிப்பொருளாக அளித்த கல்லொன்றைப் பற்றிச் சிதம்பரக் கல்வெட்டு கூறுகிறது. இவை அரசுகளுக்கிடையே நிலவிய தூதுறவுக்குச் சான்று. தேர் வந்ததால் கம்போடியா சோழரின் கீழ் இருந்தது என்றோ, பெயர் ‘வர்மன்’ என முடிவதால் கம்போடிய அரசன் சூரியவர்மன் பல்லவத் தமிழன் என்றோ முடிவுகட்ட அவை இடம் தரவில்லை. ‘வர்மன்’ என்னும் ஈறு கதம்பர், இன்றைய வியட்நாம் பகுதியின் சம்பா அரசர், போர்னியோவின் மூலவர்மன் என எங்கும் வழங்கியது. இத்தகைய கூற்றோடு ஒரு கருத்தரங்க மேடை ஏறுபவரிடம், கம்போடிய அறிஞர்கள் இன்முகத்துடன் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

கெமர் ஆய்வு என்றாலே ஆங்கோர் என்று சுருக்கிக்கொள்வதும் தவறு. காடு மூடிக் கிடந்த ஆங்கோரை 1860-இல் ஆன்றி முஓ என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார் என்னும் கதை இன்னும் தமிழ் இதழ்களில் அச்சாகிறது. ஆங்கோர் வாட் பௌத்தத் தலமாகத் தொடர்ந்து வழிபாட்டில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு முதலான கெமர்க் கல்வெட்டுகள் அதன் சுவர்களில் உள்ளன. 1632-இல் ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் மையால் எழுதிய வரிகளும் அங்கே உண்டு. தொன்லே சாப் ஏரியின் மீனவர், சாம் முஸ்லிம்கள், 1950-களிலும் 60-களிலும் கட்டடக் கலைஞர் வான் மொலிவான் நொம் பென்னில் எழுப்பிய கட்டடங்கள், ஆயத்த ஆடைத் தொழிலாளர் என ஆய்வுக்குரிய பொருள்கள் விரிந்து கிடக்க, அதே கோயிலைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுத எவரும் கடல் கடந்து போகவேண்டியதில்லை.

பெயர்களில் நேரும் பிழை சிறியது, ஆனால் நூற்பட்டியலையே குலைத்துவிடும். கெமர் வழக்கில் குடும்பப் பெயர் முதலில் வரும். மேலே சொன்ன கட்டடக் கலைஞரின் குடும்பப் பெயர் வான். ஆனால் திரைப்பட இயக்குநர் ரிதி பான் உலகெங்கும் அறியப்படுவது மேலைநாட்டு வரிசையில். அவருடைய குடும்பப் பெயர் பான். ஆகவே ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே விசாரித்தே பட்டியலில் சேர்க்கவேண்டும்.

நேர்காணல்களில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. நடுத்தர வயதைக் கடந்த எவரைக் கண்டாலும் போல் பாட் காலத்தைப் பற்றிக் கேட்டுவிடுவது சில வருகையாளர்களின் பழக்கம். குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரப் பழக்கமுள்ள அந்நியரிடம் எதைச் சொல்ல முடியும் என்று முதலில் யோசிக்கவேண்டும். அந்தக் காலத்தைப் பற்றிய வாக்குமூலங்களும் ஆவணங்களும் கம்போடிய ஆவண மையத்தில் ஏராளமாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்த பிறகும் எஞ்சும் கேள்வியே கேட்கத் தகுந்தது. கூடவரும் கம்போடிய இளம் ஆய்வாளரை வெறும் மொழிபெயர்ப்பாளராக நடத்துவதும், வெளியீட்டில் அவர் பெயரை நன்றியுரையின் கடைசி வரியில் முடித்துக்கொள்வதும் அறிவுப் பரிமாற்றம் ஆகா.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெமர்ப் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே ஏப்ரல் நடுவில் வருகிறது. புரட்டாசியை ஒட்டி முன்னோருக்குப் படையலிடும் ப்சும் பென் வருகிறது. இவ்விரு காலங்களிலும் அலுவலகங்களும் நூலகங்களும் மூடியிருக்கும். நகரத்தார் சொந்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள். மையம் ஒரு மடாலய வளாகத்துக்குள் இருப்பதால், தோளும் முழங்காலும் மறையும் உடை பொருத்தமானது.

ஆய்வு முடிந்ததும் ஒரு படியை அனுப்பாமல் விடுவது கடைசித் தவறு. தமிழில் எழுதிய ஆய்வேட்டை அங்குள்ளோர் படிக்க இயலாது என்பதால், நான்கைந்து பக்கங்களில் கெமரிலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் ஒன்றைத் தயாரித்து, பயன்படுத்திய கல்வெட்டு எண்களின் பட்டியலையும் எடுத்த ஒளிப்படங்களையும் சேர்த்து, வாட் டம்னாக் நூலகத்துக்கு அனுப்பினால், அடுத்து வரும் கம்போடிய மாணவர் அதே கல்லைத் தேடும்போது அது அவர் கைக்குக் கிடைக்கும்.