நாய் நடுங்கும்போது வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

எங்கள் நாய் ஓர் இரவு விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகவும் சில்லென்றும் இருந்ததால் காய்ச்சல் இல்லை, வெறும் குளிர்தான் என்று முடிவுகட்டிப் போர்வையைப் போர்த்திவிட்டேன். மறுநாள் காலையில் கால்நடை மருத்துவர் அளந்தபோது வெப்பநிலை 104.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது. அன்றிரவு நான் பார்த்திருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நடுங்கினாலும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் நினைவு தெளிவாக இருக்கிறது என்று பொருள். கூப்பிட்டும் உணராமல், பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீந்துவதுபோல் அடித்து, எச்சில் ஒழுக்கினால் அது வலிப்பாக இருக்கலாம். வாய்க்குள் கை வைக்காமல், அருகிலுள்ள பொருள்களை அகற்றிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் வந்தாலோ அவசரச் சிகிச்சை தேவை.

அடுத்து, நடுக்கம் தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள். குளித்திருந்தால் நன்றாகத் துவட்டுங்கள். இடிச் சத்தத்தில் மிரண்டிருந்தால் அமைதியான அறையில் உடன் இருங்கள். குளிரோ பயமோ காரணமென்றால், அது விலகியதும் நடுக்கமும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வெப்பநிலையைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான் தவறியது இந்த இடத்தில்தான். மூக்கின் ஈரமும் காதின் சூடும் காய்ச்சலைச் சொல்லும் என்று நம்ப முடியாது. ஆசனவாயில் அளப்பதே சரியான வழி. வளையும் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரையே நான் வைத்துக்கொள்கிறேன். நடுங்கும் நாயிடம் கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்துவிடக்கூடும். ஒருவர் நாயின் தலையை மார்போடு அணைத்துக்கொள்ள, மற்றவர் வாலைத் தூக்கி, வாஸ்லைன் களிம்பு தடவிய முனையை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் மெதுவாக உள்ளே செலுத்தி, ஒலி எழும்வரை பிடித்திருக்க வேண்டும். நாய் திமிறினால் வற்புறுத்தாமல் நிறுத்திவிடுங்கள். இயல்பான அளவு 101 முதல் 102.5 டிகிரி வரை. 103-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 104-ஐத் தாண்டினாலோ 99-க்குக் கீழே இறங்கினாலோ உடனே கிளம்புங்கள். நமக்கான பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

வெப்பநிலை இயல்பாக இருந்தாலும் வலியால் நாய் நடுங்கும். முதுகை வளைத்து நிற்பது, படியேறத் தயங்குவது, வயிற்றைத் தொட்டால் இறுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். உதட்டைத் தூக்கி ஈற்றையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் காத்திருக்க நேரமில்லை.

சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கம், நத்தைக்கொல்லி மருந்து ஆகியவற்றில் எதையேனும் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அறிகுறி முற்றும்வரை பொறுக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், தின்ற பொருளின் உறையோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: குட்டி ஈன்ற நாய் நடுங்குவதைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பால் கொடுக்கும் தாய் நாய்க்கு, பெரும்பாலும் ஈன்ற முதல் சில வாரங்களில், இரத்தத்தில் கால்சியம் வெகுவாகக் குறைந்து நடுக்கமும் விறைப்பும் வரலாம். இது உயிருக்கே ஆபத்தானது என்பதால் குட்டிகளைப் பால் குடிக்க விடாமல் பிரித்துவிட்டு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். சிறிய உடல்வாகுள்ள நாய் இனங்களின் குட்டிகள் பல மணி நேரம் உண்ணாமல் இருந்து நடுங்கித் துவண்டால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கக்கூடும். நினைவோடு இருந்தால் ஈற்றில் சிறிது சர்க்கரைப் பாகைத் தடவிக்கொண்டே புறப்படுங்கள்.

கிளம்பும் முன் நடுக்கத்தை ஒரு நிமிடம் கைபேசியில் படம்பிடித்துவிடுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பல நாய்கள் பயத்தாலேயே நடுங்கும்; வீட்டில் இருந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்பதை மருத்துவர் அந்தக் காணொளியில்தான் பார்க்க முடியும்.