சின்னப் படம்தானே என்று அனுப்புமுன்

உறையைப் பிரித்தால் படத்தின் மேல் வரிசை வரிசையாக வட்டங்கள். ஓவியர் வரைந்தவை அல்ல, பபிள் ராப்பின் குமிழ்கள் பதிந்த தடம். அக்ரிலிக் வண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றி, இரண்டு மூன்று நாள் சூட்டில் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆட்கடத்தலுக்கு எதிராக நிதி திரட்டும் விற்பனைக்கு ஓவியர்கள் நன்கொடையாக அனுப்பிய சிறு ஓவியங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தபோது இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அனுப்பியவர்கள் மனசில் குறையில்லை. "சின்னப் படம், அதுவும் இனாம்" என்ற நினைப்பில்தான் குறை.

படத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே கிளாசின் என்ற வழவழப்பான, ஒட்டாத தாள் ஒன்று போதும். பேஸ்டலும் சார்கோலும் என்றால் பொடி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிக்காமல் அனுப்பாதீர்கள். தடிமனாகப் பூசிய ஆயில் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும், அதனால் கடைசித் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஆயிலைத் தொடாமல் இருப்பது நல்லது. கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. உடைந்த கண்ணாடி படத்தையே கிழித்துவிடும்.

அடுத்தது கையெழுத்து. லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994இல் தொடங்கிய 'ஆர்சிஏ சீக்ரெட்' விற்பனையில் எல்லாம் அஞ்சலட்டை அளவுப் படங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே விலை. கையெழுத்து பின்பக்கம் இருக்கும், வாங்கிய பிறகுதான் யார் வரைந்தது என்று தெரியும். அது கலை மாணவர்களுக்கான நிதி. என்றாலும் அதே முறையில் வேறு பல நல்ல காரியங்களுக்கும் விற்பனை நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பழக்க தோஷத்தில் முன்பக்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஆட்டமே கலைந்துவிடும். விதிமுறைத் தாளை ஒருமுறை படித்தாலே தீர்ந்துபோகிற தவறு இது.

சரி, இதெல்லாம் கைவேலை. பெரிய தவறு என்று நான் நினைப்பது, என்ன வரைகிறோம் என்பதில் நடப்பது.

விஷயம் ஆட்கடத்தல் என்றதும் பலருடைய தூரிகை ஒரே இடத்துக்குத்தான் போகிறது: சங்கிலி கட்டிய மணிக்கட்டு, வாயை மூடிய கை, இருட்டு மூலையில் முகம் புதைத்த சிறுமி. பத்துப் படம் வந்தால் நான்கு இப்படி இருக்கும். வாங்குகிறவர் இதை வீட்டில் எங்கே மாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். விலை போகாது என்பது மட்டும் காரணம் அல்ல. அதிலிருந்து மீண்டு வந்தவர்களும் அந்த அரங்கத்துக்கு வரக்கூடும். தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை அவர்கள் பார்க்க வேண்டுமா? நிஜத்தில் பெரும்பாலானோரைக் கட்டிப்போடுவது சங்கிலியே அல்ல. தீராத கடன், பறித்து வைத்துக்கொண்ட பாஸ்போர்ட், ஊரில் இருக்கும் குடும்பத்தைப் பற்றிய மிரட்டல், இவைதான். ஒரு மரம், ஒரு கோப்பை, ஜன்னல் வெளிச்சம் என்று உங்களுக்கு நன்றாக வருவதை வரையுங்கள். திரட்டும் பணம்தான் நோக்கத்தைச் சொல்லும், படம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

மீட்கப்பட்ட ஒருவரின் புகைப்படத்தைப் பார்த்து வரைவது இன்னும் மோசம். ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. பாலெர்மோ நெறிமுறையின் 6ஆம் பிரிவே, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கிறது. முகத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன் என்று சமாதானம் சொல்வதெல்லாம் எடுபடாது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

படத்தோடு அனுப்பும் குறிப்பிலும் சறுக்குகிறார்கள். ஆட்கடத்தல் என்றாலே எல்லை தாண்டுவது என்று எழுதுகிறார்கள். சொந்த ஊரை விட்டு நகராமலே ஒருவர் இதற்குள் சிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு எல்லையைக் கள்ளத்தனமாகக் கடக்க வைப்பது வேறு குற்றம். பாலியல் சுரண்டல் மட்டும்தான் என்பது இன்னொரு தப்பான எண்ணம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அதில் வணிகரீதியான பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 63 லட்சம். மீதியில் பெரும்பகுதி வயல், கட்டுமானம், மீன்பிடிப் படகு, வீட்டு வேலை, தொழிற்சாலை என்று பரவிக்கிடக்கிறது. அதே அறிக்கை நவீன அடிமைத்தனத்துக்குத் தரும் 4 கோடியே 96 லட்சம் என்ற எண்ணில் கட்டாயத் திருமணமும் சேர்ந்தது. அதை எடுத்து "கடத்தப்பட்டவர்கள்" என்று போடாதீர்கள்.

"இந்தப் படத்தின் விலையில் ஒரு உயிர் மீட்கப்படும்" என்ற வாசகத்தை யாராவது எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மீட்பு ஒரு நாள் வேலை. அப்புறம்தான் தங்குமிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், தொழிற்பயிற்சி என்று வருடக்கணக்கில் செலவு ஓடுகிறது. ஆளை விலை கொடுத்து விடுவிக்கிறோம் என்று ஒரு அமைப்பு சொன்னால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பணம் கடத்தியவன் கைக்குத்தான் போகும், அடுத்த ஆளைப் பிடிக்க அதுவே அவனுக்கு முதலீடு. அதனால் படம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: விற்ற தொகையில் செலவு போக எவ்வளவு சேரும், அது எந்த வேலைக்கு, கணக்கை எப்போது காட்டுவீர்கள்? நேர்மையான அமைப்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

விலை விஷயத்தில் அடிமாட்டு விலைக்கு விட்டுவிடாதீர்கள். ஏலம் என்றால் குறைந்தபட்ச விலை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் படம் அற்பத் தொகைக்குப் போனால் நிதியும் சேராது, ஏற்கெனவே முழு விலை கொடுத்து உங்களிடம் வாங்கியவரும் முகம் சுளிப்பார். வரிச்சலுகையை நம்பியும் இறங்க வேண்டாம். அமெரிக்காவில்கூட, தன் படைப்பைத் தானே நன்கொடையாகத் தரும் ஓவியர் பொருள் செலவை மட்டும்தான் கழித்துக்கொள்ள முடியும், சந்தை விலையை அல்ல. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்பதையும், படத்தை விளம்பரத்துக்கு எதுவரை பயன்படுத்தலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். விற்காத படம் திரும்பி வருமா, அடுத்த விற்பனைக்குப் போகுமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு அட்டைப்பெட்டியில் வருடக்கணக்கில் தூங்கும்.

பின்பக்கம் பெயர், தலைப்பு, ஊடகம், ஆண்டு, எது மேல்பக்கம் என்ற அம்புக்குறி, எல்லாம் பென்சிலில். பேனா மை மெல்லிய தாளில் முன்பக்கம் ஊறிவிடும். அரூபப் படம் வரைகிறவர்கள் அந்த அம்புக்குறியை மட்டுமாவது போட்டுவிடுங்கள். தலைகீழாக மாட்டியதை நாங்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓவியரே நேரில் வந்து நிற்கும்போதுதான்.