பழைய மசராட்டி, புதிய மசராட்டி: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இத்தாலிய கார் கம்பெனி மசராட்டியின் 1950களின் பந்தய வண்டியான 250எஃப் பக்கத்தில், அதே கம்பெனி 2020-இல் அறிமுகப்படுத்திய எம்சி20 சூப்பர்காரை நிறுத்தி எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டுமே இத்தாலியின் மோடெனா நகரில் பிறந்தவை, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் நாங்கள் பண்ணிய தப்புகளையே புதியவர்களும் வரிசையாகப் பண்ணுகிறார்கள். பழசில் சீட் பெல்ட் கிடையாது என்கிற மாதிரி சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

சுற்று நேரம்

இந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரு தம்பி வீடியோவுக்கு எழுதியதை அனுப்பினார்: பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 250எஃப்-ஐ ஒரு சுற்று ஓட்டிய நேரம் 9 நிமிடம் 17.4 நொடி, இன்றைய சூப்பர்கார்கள் ஏழு நிமிடச் சொச்சம், கழித்தால் வருவதுதான் அறுபது வருட முன்னேற்றமாம். கிராஃபிக்ஸுக்குக் காசும் கொடுத்தாகிவிட்டது, எல்லாம் வீண்.

தம்பி, கழிப்பதற்கு முன்னால் பாதையை அளந்தீர்களா? ஃபாஞ்சியோ ஓடிய சுற்று 22.8 கிலோமீட்டர். 1980களில் பழைய பிட் பகுதியை (பந்தய நடுவில் வண்டிகள் நிற்கிற இடம்) இடித்துவிட்டதால் இன்றைய பாதை (வடக்குச் சுற்று என்பார்கள்) 20.8 கிலோமீட்டர்தான். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 147 கிலோமீட்டர், அதே வேகத்தில் இன்றைய நீளத்தைப் போட்டால் கிட்டத்தட்ட எட்டரை நிமிடம் வருகிறது. அதுவும் உத்தேசம்தான், ஏனென்றால் 1970-71-இல் மேடுகளைச் செதுக்கி ஓரமெல்லாம் இரும்புத் தடுப்பு வைத்தார்கள், அவர் காலத்தில் ஓரத்தில் இருந்தது புதரும் பள்ளமும். அப்புறம், அது காலிப் பாதையில் ஆற அமர எடுத்த நேரமும் இல்லை. டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நின்றதில் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கி, போட்டி ஓட்டுநர்கள் ஹாத்தார்ன், காலின்ஸ் இருவரின் ஃபெராரிகளைத் துரத்திக்கொண்டிருந்தபோது இருபதாவது சுற்றில் விழுந்த நேரம். பந்தயத்துக்கு முந்தைய தகுதிச் சுற்றில் அதே மனிதர், அதே வண்டி: 9 நிமிடம் 25.6 நொடி!

எடை

பழசுக்கு 630 கிலோ, சுமார் 270 குதிரைத்திறன். புதுசுக்கு 630 குதிரைத்திறன், சுமார் 1,500 கிலோ. டன்னுக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று துள்ளுவார்கள். சரி, முதல் எடை எரிபொருளும் ஓட்டுநரும் இல்லாத வெறும் வண்டியின் எடை என்பதை யார் சொல்வது? வாலில் இருக்கும் பெரிய டேங்கை நிரப்பிப் பாருங்கள், சமம் போய்விடும்.

இன்ஜின்

இரண்டுமே ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். உடனே வம்சாவளி எழுத உட்காராதீர்கள். புதுசில் ஒரு பிளக் தனிச் சிறு அறைக்குள் எரியூட்டுகிறது, பழசில் அந்த அறையே கிடையாது.

விலை

ஒன்று ஷோரூம், ஒன்று ஏலம். விடுங்கள்.

சத்தம்

போன் மைக்கை வைத்துத் தீர்ப்பு வேண்டாம்.

பிரேக்

பழசில் இருப்பது பழங்கால டிரம் பிரேக். அதைவிட முக்கியம், நடுவில் இருப்பது ஆக்சிலரேட்டர், பிரேக் வலது ஓரம். யாராவது இரக்கப்பட்டு ஓட்டக் கொடுத்தால், குறிப்பெடுப்பதற்கு முன் காலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.