தாமரை இலையை நம்பி மொட்டை மாடியில் இறங்காதீர்கள்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால்தானோ என்னவோ, செடிகொடியிலிருந்து நீர்த்தடுப்புப் பூச்சு செய்கிறேன் என்று வருகிற மாணவர்கள் முதலில் காட்டுவது அநேகமாக ஒரே வீடியோதான். பூச்சு அடித்த கான்கிரீட் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், முத்துப்போல உருண்டு ஓடும். பார்க்க அழகுதான். ஆனால் சென்னை மாடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து உருண்டு போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாட்டம் சரியில்லாத மாடியில் குளம்போல நிற்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மழைக்குத் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

தண்ணீரை ஒட்டவிடாமல் செய்வது ஒரு வேலை, நிற்கிற தண்ணீரை உள்ளே இறங்கவிடாமல் தடுப்பது வேறு வேலை. சாரல் அடிக்கும் வெளிச்சுவருக்கு முதலாவது போதும். மாடிக்கும், கழிவறைத் தரைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் இரண்டாவது வேண்டும். சொட்டு உருள்வதை வைத்து இரண்டாவதைச் சொல்லவே முடியாது. மாடியில் சோதிக்க வேண்டுமானால் சுற்றிலும் கலவையால் வரப்புக் கட்டி, ஓரங்குலத் தண்ணீர் நிரப்பி, குறைந்தது இரண்டு நாள் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். சுவருக்கு என்றால் அளவு குறித்த கண்ணாடிக் குழாயைச் சுவரில் ஒட்டி, அதில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கலாம். இரண்டுமே பெரிய செலவில்லை.

அடுத்தது கடுக்காய், வெல்லம். இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையைப் பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். அந்தக் கூரைகள் எத்தனையோ பருவமழையைத் தாங்கியிருக்கின்றன. சரி, அப்படியானால் அதே தண்ணீரைச் சிமென்டில் ஊற்றினால் என்ன?

ஊற்றிப் பார்த்தேன். பரிசோதனைக்குச் சிமென்ட் கலவையில் வெல்லத் தண்ணீர் கலந்து கனசதுர அச்சுகளில் வார்த்தேன். மறுநாள் காலை அச்சைப் பிரிக்கப் போனால், கட்டைவிரல் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பக்கத்திலிருந்த மேஸ்திரி சிரித்துவிட்டார். "பாகு காய்ச்சினீங்களா சார்?" என்றார்.

காரணம் சிக்கலானதல்ல. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையைச் சர்க்கரை மறித்துவிடும். சிமென்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே இறுகலைக் கணிசமாகத் தள்ளிப்போடும். ரெடிமிக்ஸ் லாரி நடுவழியில் பழுதாகி நின்றால் டிரம்மில் சர்க்கரையைக் கொட்டுவது இந்தத் தொழிலில் பழைய கைவைத்தியம். உள்ளே கல்லாகிவிடக் கூடாதே என்றுதான். சுண்ணாம்பு அப்படியல்ல. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் கல்லாகிறது. சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரைவிட அதிகமாகக் கரையும், கலவையும் இளகி வேலைக்கு வளைந்து கொடுக்கும். குறைந்த தண்ணீரிலேயே குழைவதால் உலர்ந்தபின் துவாரமும் குறையும். போதாததற்கு அந்த அடி. ஜல்லிக்கு இடையிலுள்ள காற்றையெல்லாம் கட்டை வெளியேற்றிவிடும். அடிக்காத காரையில் எத்தனை கடுக்காய் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். பாட்டன் காலத்துச் சரக்கு என்று ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சிமென்டில் போடுவது, ரசப்பொடியைப் பாயசத்தில் போடுவது மாதிரி.

கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் அதிலுள்ள டானின். தோல் பதனிட அதையே பயன்படுத்துகிறார்கள். டானின் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்க அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. சிவில் படிக்கும் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எண்ணெய்க்கு வருவோம். எல்லா எண்ணெயும் காயும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தோல்போல இறுகும். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது. விளக்கெண்ணெயும் தானாகக் காயாது, பிசுபிசுப்பாகவே கிடந்து தூசியை ஒட்டவைக்கும். வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்வது அயோடின் எண், அதாவது நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்ற கணக்கு. அது கூடக்கூட எண்ணெய் நன்றாகக் காயும். ஆளிவிதைக்கு அது 170க்கு மேல், தேங்காய்க்கு 10ஐ ஒட்டி. எண்ணெய் வாங்கும் முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் பாதி ப்ராஜெக்ட்டுகள் தப்பித்துவிடும்.

காயும் எண்ணெயையும் புதுக் கான்கிரீட்டில் தடவக் கூடாது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் எண்ணெய் சோப்பாகிவிடும், பூச்சு வெளுத்து உரியும். குறைந்தது 28 நாள் க்யூரிங் ஆகி, நன்றாக உலர்ந்த பிறகு அடியுங்கள். வேடிக்கை என்னவென்றால், இதே சோப்பு வேறிடத்தில் நண்பன். சுண்ணாம்புக் கலவைக்குள்ளேயே கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் உருவாகும் கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது, துவாரச் சுவர்களில் படிந்து நீரைத் தள்ளும். கடையில் கிடைக்கும் பல வாட்டர்ப்ரூஃப் பவுடர்களில் இருக்கும் கால்சியம் ஸ்டியரேட்டும் இதே ஜாதிதான். கலவையில் சேர்க்கும் சரக்கை விற்க நினைப்பவர்கள் ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தரக்குறிப்பை முதலில் படிப்பது நல்லது. நீர் ஊடுருவல் மட்டும் குறைந்தால் போதாது, இறுகும் நேரமும் வலிமையும் கெடக் கூடாது என்கிறது அது.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது வெப்பம் வரும். குவியலுக்குள் அது வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய் நல்ல பிசின் தரும் மூலப்பொருள்தான். ஆனால் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். இயற்கைதானே என்று அசட்டையாக இருந்து ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

டப்பாவின் மேல் இலைப் படம் இருந்தால் உள்ளே முழுக்கத் தாவரம் என்று அர்த்தமில்லை. விளக்கெண்ணெயிலிருந்து பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு செய்யலாம். ஆமணக்கு உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு, அதில் பெரும்பகுதி குஜராத்திலிருந்து. ஆனால் அதோடு வினைபுரிய வைக்கும் ஐசோசயனேட் பெட்ரோலியச் சரக்கு. எத்தனை சதவீதம் தாவரக் கார்பன் என்பதை ரேடியோ கார்பன் முறையில் அளந்துவிடலாம். அந்த எண்ணைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டிய பூச்சு, எந்த மரத்திலிருந்து வந்தாலும் சிக்கனமல்ல.

மற்றவை எல்லாப் பூச்சுக்கும் பொது. வாட்டம், கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் வாய் இவற்றைச் சரிசெய்யாமல் பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. உப்புப் பூத்த சுவரில் உள்பக்கம் அடித்தால் உப்பே அதைத் தள்ளிவிடும். புரட்டாசியில் அவசரமாக ஆரம்பிக்காதீர்கள், மாசி பங்குனிதான் தோதான காலம்.

என் வீட்டு மாடியில் ஒன்பது மாதிரிச் சில்லுகள் பெயிண்டில் எண் எழுதிக் கிடக்கின்றன. ஒரு கத்திரி, ஒரு வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்காத எதையும் யாருக்கும் தருவதில்லை. நான்காம் எண்ணில் வெல்லம் அதிகமாகப் போட்டுவிட்டேன். போன வாரம் அதில் எறும்பு வரிசை.