டிசைன் வேலையோடு ஸ்டாண்ட்-அப்பும் செய்பவர்களுக்கு

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறும் ஓப்பன் மைக்கில் பொதுவாக 4, 5 நிமிடம்தான் கிடைக்கும். அதனால் வாராவாரம் புதுசாக எழுதத் துடிக்காதீர்கள். ஒரே செட்டை, அதாவது மேடையில் சொல்லும் ஜோக்குகளின் தொகுப்பை, லோகோவைத் திருத்துவதுபோல வெர்ஷன் வெர்ஷனாகத் திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து, மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் கேளுங்கள். சிரிப்பு எந்த நொடியில் வந்தது, எங்கே மௌனம் என்று குறித்துவிட்டு, ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கிளையன்ட்டுக்கு டிசைனை டெலிவரி செய்வதற்கு முந்தைய நாள் மேடை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். 'சின்ன கரெக்‌ஷன்' என்று மெயில் வருவது பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். நான் அப்படி ஒருநாள் பேக்ஸ்டேஜில் லேப்டாப்பைத் திறந்து வைத்து எழுத்துரு மாற்றினேன். இரண்டுமே கெட்டது.

கிளையன்ட் கதை சொல்லலாம், ஆனால் பெயரையும் தொழிலையும் மாற்றிவிடுங்கள். இன்னும் வெளிவராத டிசைனைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

வரையத் தெரிவதையும் மேடைக்குக் கொண்டுபோங்கள். அமெரிக்க நகைச்சுவையாளர் டிமிட்ரி மார்ட்டின் பெரிய தாளில் வரைந்த படங்களைக் காட்டியே சிரிக்க வைப்பவர். கடைசி வரிசைக்கும் தெரிய, தடித்த மார்க்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.