சிரட்டை இருக்க சிலிக்கான் அச்சு எதற்கு?

வீட்டில் மெழுகுவர்த்தி செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் ஆன்லைனில் சிலிக்கான் அச்சைத்தான் தேடுகிறார்கள். ரோஜாப்பூ, கரடி பொம்மை என்று காசு போய்விடும், கடைசியில் எல்லார் வீட்டிலும் ஒரே கரடி. கருப்பட்டி ஊற்றுகிற சிரட்டை நம் திருநெல்வேலிப் பக்கம் தினமும் அடுக்களையில் விழுகிறது, அதையே அச்சாக்கிக்கொள்ளுங்கள்.

தேங்காய் உடைத்ததில் கண் இருக்கிற பாதியை எடுங்கள். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கிற கண்ணைத் துளைத்து அதன் வழியாகத் திரியை விட்டு வெளியே முடிச்சுப் போட்டுக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மறுமுனையை வாயின் குறுக்கே வைத்த ஈர்க்குச்சியில் கட்டினால் திரி நேராக நிற்கும். ஊற்றி, நன்றாக ஆறியதும் முடிச்சை அவிழ்த்துக் கவிழ்த்தால் உச்சியில் திரியோடு அச்சு அசல் கருப்பட்டி! பழுப்புச் சாயம் வேறு சேர்த்துவிட்டால் சின்னப் பிள்ளைகள் கடித்துப் பார்ப்பார்கள், அடுக்களையில் மட்டும் வைக்காதீர்கள்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. பாரஃபின் 60 டிகிரியை ஒட்டி உருகிவிடும், தண்ணீர் 100-க்கு மேல் போகாது, அதனால் மெழுகு தீப்பிடிக்கிற சூட்டுக்கே வராது. அப்படியும் எங்காவது பற்றிக்கொண்டால் மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள், தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு வெறும் பாரஃபின் தளர்ந்து வளைந்துவிடும் என்பதால் கிலோவுக்கு 100 கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது நல்லது.

உண்மையில் கவனம் வேண்டியது திரியில்தான். பருத்தி நூலை மூன்று புரியாகப் பின்னி, ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் (போராக்ஸ்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்) கரைத்து ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து, உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுங்கள். சிரட்டை அகலத்துக்கு மெல்லிசான திரி போட்டால் நடுவில் குழி விழுந்து அணைந்துபோகும், தடித்த திரிதான் சரி.

அடுத்த அச்சு தேரி மண், அதாவது நம்ம பக்கத்துச் சிவப்பு மணல். திசையன்விளைப் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது ஒரு பை கேளுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரமாக்கி, வாளியில் அழுத்தி, நடுவில் டம்ளரைப் பதித்து எடுத்து அந்தக் குழியில் திரியை நிறுத்தி மெழுகை மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் தோண்டினால் மெழுகைச் சுற்றி சிவப்பு மண் ஓடு ஒட்டியிருக்கும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, எந்தக் கடையிலும் இது கிடைக்காது.

சாயம் என்றால் எண்ணெயில் கரைகிற மெழுகுச் சாயம் மட்டும். கேசரிப் பவுடர் மெழுகில் கரையாது, கிரேயான் திரியை அடைக்கும், பன்னீரில் இருப்பது தண்ணீர், மெழுகோடு சேரவே சேராது. வாசனைக்கு 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் எலுமிச்சைப்புல் எண்ணெய் போதும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் செய்கிறீர்களா, அப்போது வடகிழக்குப் பருவக்காற்று சும்மா இருக்காது. காருகுறிச்சி மண் கலயம் ஒன்று வாங்கி, அடியில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, அதன்மேல் வர்த்தியை நிறுத்துங்கள், சுடர் விளிம்புக்குக் கீழே இருக்கட்டும். எரிந்து மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போட வேண்டாம், உருக்கித் துணியில் வடிகட்டினால் அடுத்த சிரட்டைக்கு ஆகும். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் மட்டும் மெழுகை ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.